மெலிசு ப்ளைவுட்ட எவனும் மதிக்க மாட்டேங்குறான்

சென்னை சைடனாம்ஸ் ரோட்ல ப்ளைவுட் கடைல போய் "கேரவனுக்கு 4 எம்எம் ஷீட் வேணும்"னு கேட்டா அவரு திருப்பி கேக்குற முதல் கேள்வி, "எந்த ஹீரோ வண்டி சார்?" நம்ம ஊர்ல கேரவன்னா ஷூட்டிங் வண்டி தான, அவர சொல்லி குத்தமில்ல. நாங்க சரி பண்ணிட்டு இருக்குற வண்டியும் ஒரு காலத்துல ஷூட்டிங்ல ஓடுனது தான், இப்ப எந்த ஹீரோவும் ஏற மாட்டாரு. மச்சான் அத சல்லிசா வாங்கி, பேமிலியோட ஏலகிரி, வேளாங்கண்ணின்னு சுத்தலாம்னு ஆசப்பட்டு கொருக்குப்பேட்டைல ஒரு ஷெட்ல நிறுத்தி வெச்சிருந்தாரு, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்துச்சு, மிச்சத்த நீங்களே புரிஞ்சிக்கோங்க.

வண்டிக்குள்ள தண்ணி ஏறுனது ஒரு முழம் தான், ஆனா சுவத்துல ப்ளைவுட் ஊறுனது இடுப்பு உசரத்துக்கு. மைக்காவ ஸ்க்ரூடிரைவர் வெச்சு நெம்புனா பின்னாடி இருக்குற ப்ளை நமத்துப்போன அப்பளம் மாதிரி கையோட வருது. உள்ள தெர்மோகோல், அதுக்கு பின்னாடி துரு புடிச்ச ஸ்கொயர் ட்யூப் ப்ரேம், அப்புறம் வெளி ஷீட்டு. வெளிய இருந்து பாத்தா வண்டி ஜம்முனு நிக்குது, அதான் கொடும. ஜன்னல் ரப்பர் வழியா பல வருஷமா கசிஞ்ச கறை மேல இருந்து கோடு கோடா இறங்கியிருக்கு, புயல் வந்ததால எல்லா பழியும் அது தலையில.

சரி, மாத்தணும், அவ்ளோ தானேன்னு கெளம்புனா அங்க தான் சிக்கல். 18 எம்எம், 12 எம்எம் கேட்டீங்கன்னா கடைல ராஜ மரியாதை, பத்து பிராண்டு எடுத்து போடுவாங்க, டீ வரும். 4 எம்எம்னா "வார்ட்ரோப் பேக்குக்கா சார்?"னு கேட்டுட்டு மூலைல சாய்ச்சு வெச்சிருக்குறத கைய காட்டுவாங்க. பீரோ முதுகுக்கு போற சரக்கு, சுவத்த பாத்து நிக்க போகுது, அத யாரு பாக்க போறா? யாரும் பாக்காத எடத்துக்கு போறதால செய்யுறவனும் யாரும் பாக்காத மாதிரி தான் செய்யுறான்.

மெலிசு ஷீட்ல மொத்தமே மூணு லேயர் தான், மேல ஒரு தோல், கீழ ஒரு தோல், நடுவுல குறுக்கால ஒண்ணு. அந்த நடு லேயர பீஸ் பீஸா தான் வெச்சு ஒட்டுவாங்க, ரெண்டு பீஸுக்கு நடுவுல கேப் விட்டா 18 எம்எம்ல ஒண்ணும் தெரியாது, மத்த லேயர் தாங்கிக்கும். 4 எம்எம்ல அந்த எடத்துல ரெண்டு தோல் மட்டும் தான், கட்டவிரலால அமுக்குனா உள்ள போகுது. கடைல ஷீட்ட நிமுத்தி வெச்சு விரல மடக்கி தட்டிக்கிட்டே போங்க, கேப் இருக்குற எடத்துல சத்தம் பொக்குனு மாறும். கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு, பாத்துட்டு போறாரு.

அப்புறம் ஷீட் மேல சீல் அடிச்சிருக்குற இந்த 303, 710ன்ற ஐஎஸ்ஐ தர நம்பர் விஷயம். ஐஎஸ் 303 சாதா வீட்டு ப்ளை, அதுலயே எம்ஆர் (ஈரம் தாங்குறது), பிடபிள்யூஆர் (கொதிக்கிற தண்ணி தாங்குறது)னு ரெண்டு. ஐஎஸ் 710 மெரைன், அதாவது படகுக்கு போடுற ப்ளை, 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணில கெடந்தாலும் ஒட்டு விடக்கூடாதுன்றது அதோட டெஸ்ட். எம்ஆர்ல போடுறது யூரியா பசை, வெட்டுன ஓரத்துல வெளுப்பா இருக்கும், மெரைன்ல பினால் பசை, கருஞ்சிவப்பா கோடு தெரியும். ஆனா கலர பாத்து மட்டும் நம்பிடாதீங்க, சாயம் கலக்குறது பெரிய வித்தையா என்ன. நான் கடை கடையா ஓரத்துண்டு கேட்டு வாங்கிட்டு வந்து வீட்ல ஒரு உதவாத குண்டான்ல போட்டு கொதிக்க வெச்சேன். அம்மா வந்து எட்டி பாத்துட்டு "இன்னாடா இது, கட்டைல ரசம் வெக்கிறியா"ன்னு கேட்டுட்டு போய்டுச்சு. மதிய சாப்பாட்டுக்கு முன்னாடியே எம்ஆர் துண்டு வாய பொளந்துருச்சு, அது எதிர்பாத்தது தான். 710ன்னு பளிச்சுனு சீல் அடிச்சிருந்த ஒரு துண்டும் சாயந்தரம் ஓரம் விட்டுருச்சு பாருங்க, அங்க தான் சீல் மேல இருந்த நம்பிக்கை போச்சு. நைட்டு வரைக்கும் அசையாம கெடந்த துண்டு எந்த கடைலதோ அங்கயே எடுத்தோம்.

3 எம்எம் ஏன் போடலன்னு கேப்பீங்க. வெளிநாட்டு கேரவன்ல உள் சுவத்துக்கு பெரும்பாலும் 3 எம்எம் பக்கம் தான், லுவான்னு பிலிப்பைன்ஸ் பக்கத்து லேசான மரம், ஏன்னா அவங்க வண்டி கார் பின்னாடி இழுத்துட்டு போறது, கிலோ கிலோவா கணக்கு பாக்கணும். நமக்கு அவ்ளோ கெடுபிடி இல்ல, அதுக்காக 6 எம்எம் போட்டா எட்டுக்கு நாலு ஷீட் ஒண்ணே 12 கிலோ கிட்ட வரும், 4 எம்எம்னா 8 கிலோ. சுவரு, கூரைன்னு மொத்தமா போட்டு பாத்தா தேவையில்லாத பாரம், அதோட கூரை ஓரத்து வளைவுல 6 எம்எம் வளையவே வளையாது, ஸ்க்ரூவ புடுங்கிட்டு வந்துரும்.

வளைவ பத்தி ஆசாரியோட எனக்கு ஒரு சண்டையே நடந்துச்சு. அவரு ஜாயிண்ட் கம்மியா வரும்னு ஷீட்ட குறுக்கால, 8 அடி வண்டி அகலத்துல வர மாதிரி போடலாம்ன்றாரு. மேல் தோலோட நார் 8 அடி நீளத்துல ஓடுது, அந்த பக்கம் வளைச்சா ஷீட் முரண்டு புடிக்கும், படக்குனு விரிசல் கூட விடும். நீளத்த வண்டி நீளத்தோட வெச்சு 4 அடி பக்கத்த வளைச்சா சொன்ன பேச்சு கேக்கும். கடைசில ஒரு துண்ட ரெண்டு விதமாவும் வளைச்சு காட்டுனதும் தான் "சரி தம்பி"ன்னாரு. ஃப்ளெக்ஸி ப்ளைன்னு தனியா இருக்கு, ரொம்ப டைட்டான வளைவுக்கு அது தான் சரி, இந்த கூரைக்கு தேவப்படல.

ஆனா உருப்படியான யோசனை குடுத்தது காசிமேட்டுல படகு வேல செய்யுற ஒரு அண்ணன். "மூஞ்சி வழியா தண்ணி போவாது நைனா, ஓரம் வழியா தான் பூரும், நீ எத்தினி நம்பர் ப்ளை வாங்குனாலும் ஓரத்த தொறந்து வுட்டா ஊறிக்கும்." அதனால ஃபிட் பண்றதுக்கு முன்னாடியே வெட்டுன ஓரம், லைட்டு ஓட்டை, ஸ்க்ரூ ஓட்டை எல்லாத்துலயும் எபாக்சி பிசின் ரெண்டு கோட்டு, கீழ் ஓரம் ஃப்ளோர தொடாம விரல்கடை இடைவெளி. பழைய ப்ளை இடுப்பு வரைக்கும் தண்ணிய உறிஞ்சுனதுக்கு காரணமே கீழ் ஓரம் ஃப்ளோர்ல உக்காந்திருந்தது தான். இன்னொண்ணு, தெர்மோகோல் மேல ரப்பர் பசை தடவாதீங்க, தெர்மோகோல் கரைஞ்சு குழி விழுந்துரும்.

ஷீட்டெல்லாம் மீன்பாடி வண்டில, அதான் சரக்கு ஏத்துற மூணு சக்கர வண்டில தான் வந்துச்சு, மேல ஒரு 12 எம்எம் ஷீட்ட போட்டு கட்டிட்டோம், இல்லன்னா பேசின் பிரிட்ஜ் மேல அடிக்கிற காத்துக்கு 4 எம்எம் படபடன்னு பறக்கும்.

சுவரும் கூரையும் முடிஞ்சுது. ஃப்ளோருக்கு 12 எம்எம்மா 15 எம்எம்மான்னு மச்சானுக்கும் எனக்கும் பஞ்சாயத்து ஓடிக்கிட்டு இருக்கு, டயர் பக்கம் கீழ இருந்து தண்ணி அடிக்குமே, அங்க அடிப்பக்கம் என்ன பூசுனீங்கன்னு வண்டி பாடி கட்டுற அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.