மண்வெட்டி நிற்க வேண்டிய ஆழம்

2010 ஏப்ரல். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், ஃப்ரோம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு வயல். அங்கே சிதறிக் கிடந்த ரோமானிய வெள்ளிக் காசுகளைத் தேடிக்கொண்டிருந்த டேவ் கிரிஸ்ப்பின் மெட்டல் டிடெக்டரில் குழப்பமான ஒரு சிக்னல் வந்தது. முப்பது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தோண்டியதும் களிமண்ணோடு ஒரு சின்னக் காசு, அதைத் தொடர்ந்து பானை ஓடு. முழுப் பானை ஒன்று உள்ளே நிற்கிறது என்று புரிந்ததும் அவர் தோண்டுவதை நிறுத்தினார். குழியை மூடிவிட்டுத் தொல்லியல் துறைக்காரர்களுக்குத் தகவல் சொன்னார். டிடெக்டரோடு வயலில் தேடும் இந்தப் பொழுதுபோக்கில் ஒருவர் செய்யக்கூடிய மிக நல்ல காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

உள்ளே இருந்தவை 52,503 காசுகள், எடை சுமார் 160 கிலோ. தொல்லியலாளர் ஆலன் கிரஹாம் மூன்று நாளில் அவற்றை வெளியே எடுத்தார். பானையோடு சேர்த்துத் தூக்காமல், மேலிருந்து கீழாக அடுக்கு அடுக்காக எடுத்து, எந்தப் பை எந்த அடுக்கு என்று எழுதி வைத்தார்கள். அதற்குப் பலன் கிடைத்தது. கி.பி. 286 முதல் 293 வரை பிரிட்டனை ஆண்ட கரௌசியஸின் காசுகள் 766 இருந்தன. அந்தக் குவியலில் காலத்தால் பிந்தியவை அவைதான். உண்டியலில் போடுவதுபோல வருடக்கணக்கில் சேர்த்திருந்தால் அவை மேலே கிடந்திருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலானவை பானையின் கீழ்ப்பாதியில் கிடந்தன. அப்படியென்றால் மொத்தக் காசும் ஒரே சமயத்தில், சின்னச் சின்னப் பாத்திரங்களிலிருந்து கொட்டப்பட்டிருக்கிறது. அந்த மெல்லிய பானை அவ்வளவு எடையைத் தாங்காது. முதலில் பானையைப் புதைத்து, பிறகுதான் நிரப்பியிருக்க வேண்டும். திரும்ப எடுக்க நினைப்பவர் இப்படி வைப்பாரா? தெய்வத்துக்குச் செலுத்திய காணிக்கையாக இருக்கலாம் என்ற கருத்துக்கு இதுதான் அடிப்படை. அன்று கைவிட்டு அள்ளியிருந்தாலும் காசு குறைந்திருக்காது. இந்த விவரம் மட்டும் போயிருக்கும்.

இதில் முக்கியம் ஆழம். உழுத வயலில் மேல் 20 முதல் 30 செ.மீ. வரை உள்ள மண்ணை ஏர் பலமுறை புரட்டிப் போட்டிருக்கும். அதில் கிடக்கும் காசு ஏற்கெனவே இடம்பெயர்ந்தது. எடுத்தால் பெரிய இழப்பில்லை, விட்டால் உரமும் கலப்பையும் அதைத் தின்றுவிடும். அதற்குக் கீழே உள்ளது கலையாத மண். தோண்டும்போது மண்வெட்டிக்கே தெரியும்: பொலபொலவென்ற மண் முடிந்து இறுக்கம் தட்டும், நிறம் மாறும். சிக்னல் அந்தக் கோட்டுக்குக் கீழிருந்து வந்தால் அதோடு கை நிற்க வேண்டும். ஒரே குழியில் பல காசுகள், பானை விளிம்பு, கரி கலந்த கறுத்த மண், எரிந்த எலும்பு, மண்ணில் பச்சைக் கறை, இவற்றில் எது தெரிந்தாலும் அப்படியே. தெரிகிற நிலையில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து மூடுங்கள். அன்றைக்கே நில உரிமையாளருக்கும், பொதுமக்கள் கண்டெடுக்கும் தொல்பொருட்களைப் பதிவு செய்ய பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் திட்டத்தின் உள்ளூர் அலுவலருக்கும் போன் செய்யுங்கள். படத்தை ஃபேஸ்புக்கில் போட்டால் அன்று இரவே வேறொருவர் டார்ச்சோடு வருவார்.

மெஷினைப் பற்றியும் கொஞ்சம். உலோகம் இல்லாத ஒரு இடத்தில், மெஷினின் அடியில் உள்ள வட்டத் தகடான காயிலை ஏற்றி இறக்கி, ஒலி மாறாமல் நிற்கும்வரை கிரவுண்ட் பேலன்ஸ் செய்ய வேண்டும். இதை விட்டால் மண்ணே பொய்ச் சிக்னல் கொடுக்கும். காயில் தரைக்கு 2 அல்லது 3 செ.மீ. மேலே, மட்டமாக நகர வேண்டும். பெரும்பாலோர் ஊஞ்சல் ஆட்டுவதுபோல ஆட்டி, இரு முனையிலும் காயிலைத் தூக்கிவிடுகிறார்கள். அங்கெல்லாம் ஆழம் போய்விடும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின்மேல் பாதி ஏறியிருக்கட்டும். சிக்னல் கிடைத்ததும் குறுக்காக ஒருமுறை வீசி மையத்தைப் பிடித்து, அதிலிருந்து ஒரு சாண் தள்ளியே மண்வெட்டியை இறக்குங்கள். நேர் மேலே இறக்கினால் காசின் முகத்தில் வெட்டு விழும்.

வேண்டாத உலோகங்களின் ஒலியை அடக்கும் டிஸ்கிரிமினேஷனை முழுக்க ஏற்றி வைத்துக்கொண்டு வயலில் நடப்பது எனக்குப் பிடிக்காது. இரும்பு ஒலிகள் அடங்கும், காது நிம்மதியாக இருக்கும், உண்மைதான். ஆனால் ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் வெள்ளிக் காசும் சேர்ந்தே மௌனமாகிவிடும். அதைவிடப் பெரிய இழப்பு, ஆணிகளே சாட்சி என்பது. மரக்கட்டடம் நின்ற இடத்தையும் சவப்பெட்டி கிடக்கும் இடத்தையும் காட்டிக்கொடுப்பவை அவைதான். எடுக்காவிட்டாலும் ஆணிகள் எங்கே கூட்டமாக ஒலிக்கின்றன என்றாவது குறித்து வையுங்கள்.

குறிப்பில் இடம்தான் முதலில். பிரிட்டனின் வரைபடக் கட்ட எண்முறையான நேஷனல் கிரிட்டில் 6 இலக்கம் என்றால் 100 மீட்டர் சதுரம், 8 இலக்கம் 10 மீட்டர், 10 இலக்கம் 1 மீட்டர். 6 இலக்கத்தோடு பதிந்தால் வயல் தெரியும், வயலுக்குள் எதுவும் தெரியாது. போனின் ஜிபிஎஸ் நிலைப்பட அரை நிமிடம் பொறுங்கள். ஒரு பொருளுக்கு ஒரு பை, பைமேல் எண், அதே எண் நோட்டில்.

வீட்டுக்கு வந்ததும் கை பரபரக்கும். வினிகர், எலுமிச்சை, கம்பி பிரஷ், எலெக்ட்ராலிசிஸ் எதுவும் வேண்டாம். செம்பு, இரும்புத் துருவுக்குள் துணியின் நெசவும் உறை மரத்தின் இழையும் பதிந்திருக்கும். தேய்த்தால் அவை தூளாகப் போய்விடும். ஈரமாக வந்தது ஈரமாகவே இருக்கட்டும், காய்ந்த இரும்புக்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடுங்கள்.

இங்கிலாந்தின் சட்டம் சுருக்கமாக: எல்லா நிலத்துக்கும் உரிமையாளர் உண்டு, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அரசு பாதுகாக்கும் தொல்லியல் இடங்களில் தொல்லியல் அதிகாரிகளின் எழுத்து அனுமதி இல்லாமல் டிடெக்டரைப் பயன்படுத்துவதே 1979 சட்டப்படி குற்றம். 1996 டிரெஷர் சட்டப்படி, 300 வருடத்துக்கு மேற்பட்ட, குறைந்தது 10 சதவீதம் தங்கமோ வெள்ளியோ உள்ள பொருளையும், ஒரே இடத்தில் கிடைத்த அத்தகைய இரண்டு காசுகளையும் 14 நாளுக்குள் புதையல்களை விசாரிக்கும் அதிகாரியான கொரோனருக்குத் தெரிவிக்க வேண்டும். செம்புக் காசு என்றால் பத்து. ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.

2015-ல் ஹெரிஃபோர்ட்ஷயரில் இரண்டு பேர் வைக்கிங் காலப் புதையல் ஒன்றைத் தோண்டி, தெரிவிக்காமல் விற்றார்கள். 2019-ல் தண்டனை கிடைத்தது. சுமார் 300 காசுகள் இருந்திருக்கும் என்று கணிக்கப்பட்டது. அந்த வழக்கின்போது மீட்கப்பட்டவை முப்பது போலத்தான். அன்றைய இங்கிலாந்தின் இரு அரசுகளான வெசெக்ஸின் ஆல்ஃபிரட், மெர்சியாவின் கியோல்வுல்ஃப் என்ற இரு அரசர்களும் ஒரே பாணியில் காசு அடித்தார்கள், கூட்டாளிகளாக இருந்தார்கள் என்பதற்கு அந்த முப்பதிலேயே சான்று இருக்கிறது. ஆனால் அக்கால வரலாற்றைச் சொல்லும் பழைய பதிவான ஆங்கிலோ சாக்சன் குறிப்பேடு கியோல்வுல்ஃபை அறிவில்லாத சேவகன் என்றுதான் சொல்கிறது. மற்ற காசுகளைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பங்கு, தோண்டியவரின் போனில் அழிக்கப்பட்டுப் பிறகு மீட்கப்பட்ட படங்களிலிருந்து வந்தது.