பிள்ளைகளே சுருட்டும் மெழுகுதிரிகள்

கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமையை எங்கள் வீட்டில் மெழுகுதிரி செய்வதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறோம். அந்த ஞாயிறுகளில் ஒவ்வொன்றாக ஏற்றுவதற்காகப் பச்சை இலை வளையத்தின் நடுவே நிற்கும் நான்கு திரிகளையும் கடையில் வாங்காமல் பிள்ளைகளே செய்வதற்குக் காரணம் உண்டு: அடுப்பும் உருக்கிய மெழுகும் இல்லாமல், ஆறு வயதுப் பிள்ளைகூட, வெட்டுவதைத் தவிர, தொடக்கம் முதல் முடிவு வரை தன் கையாலேயே செய்யக்கூடிய மெழுகுதிரி, தேன்மெழுகுத் தாளைச் சுருட்டிச் செய்யும் இந்தத் திரிதான். உருக்கி ஊற்றும் முறையில் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பெரியவர்களே முக்கால் வேலையையும் செய்ய வேண்டியிருக்கும். அப்படிச் செய்த திரியைப் பிள்ளை 'நான் செய்தது' என்று சொல்லாது.

இந்த வளையமே பிள்ளைகளுக்காகத்தான் தோன்றியது. 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்திவந்த யோகான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற லுத்தரன் போதகர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்காக, ஒரு வண்டிச் சக்கரத்தில் வார நாட்களுக்குச் சிறிய சிவப்புத் திரிகளையும் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரிகளையும் நிறுத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றச் செய்தார். கத்தோலிக்க வழக்கத்தில் மூன்று ஊதாவும் ஒரு ரோஜா நிறமும் வைப்பார்கள். சாயம் ஏற்றிய தாள்களும் விற்பனைக்குக் கிடைக்கின்றன என்றாலும், தேன்மெழுகின் சொந்த மஞ்சளை மறைக்க எனக்கு மனம் வருவதில்லை. ஆகையால் திரிகளை மஞ்சளாகவே விட்டுவிட்டு, நிறத்துக்கான ரிப்பனை வளையம் இருக்கும் தட்டின் விளிம்பைச் சுற்றிக் கட்டிவிடுகிறோம்; திரியிலேயே ரிப்பன் கட்டுவது தீக்கு வழிவிடுவதாகும்.

தாள் என்று நாம் சொல்வது உண்மையில் தேனீக்களுக்காகச் செய்யப்படுவது. தேன்பெட்டியின் சட்டங்களில் பொருத்துவதற்காக, மெல்லிய மெழுகுத் தகட்டின் இருபுறமும் தேனடையின் அறுகோண அறைகளைப் போன்ற அச்சுப் பதித்துத் தருகிறார்கள். 1857இல் ஜெர்மனியில் யோகான்னஸ் மேரிங் என்பவர் இதை உருவாக்கினார். ஒரு கிலோ மெழுகைச் சுரக்கத் தேனீக்கள் பல கிலோ தேனை உண்ண வேண்டியிருப்பதால், அடித்தளத்தை நாம் கொடுத்துவிட்டால் அந்தத் தேனும் உழைப்பும் மிச்சமாகும் என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் எண்ணம். கன்னியாகுமரி மாவட்டத்தில், குறிப்பாக மார்த்தாண்டத்தைச் சுற்றி, ரப்பர் மரங்கள் கொழுந்துவிடும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான தேன் பருவத்தை நம்பி ஏராளமான குடும்பங்கள் பெட்டி வைத்திருக்கின்றன. ஆகையால் பொருள் தேடி நாங்கள் அலைய வேண்டியதில்லை.

வேலையைத் தொடங்கும் முன் தாளைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருப்பது நல்லது. அவர்கள் முதலில் முகர்ந்து பார்ப்பார்கள். பிறகு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு புறத்து அறையின் நடுப்புள்ளியில் மறுபுறத்து மூன்று அறைகளின் சுவர்கள் வந்து சேர்வதைக் கண்டுபிடிப்பார்கள். இத்தாலியத் தேனீக்கான தாளையும் நம் நாட்டுத் தேனீக்கான தாளையும் அருகருகே வைத்தால், நாட்டுத் தேனீயின் அறை சிறியது என்பது கண்ணுக்கே தெரியும். "இவ்வளவு மெழுகும் தேனீயின் வாயிலிருந்தா வருகிறது, அம்மா?" என்று என் மகள் கேட்டாள். வாயிலிருந்து அல்ல, பிறந்து இரண்டு வாரங்களையொட்டிய வயதில் வேலைக்காரத் தேனீயின் அடிவயிற்றிலிருந்து சிறு செதில்களாக அது சுரக்கிறது. ஒரு கிராம் மெழுகுக்கு ஏறத்தாழ ஆயிரம் செதில்கள் வேண்டும். சுரக்கும்போது வெண்மையாக இருக்கும் மெழுகுக்கு மகரந்தமும் மரப்பிசினும் சேர்ந்துதான் மஞ்சள் நிறம் கிடைக்கிறது. இதைச் சொன்ன பிறகு துண்டு ஒன்று கீழே விழுந்தாலும் அவள் குனிந்து எடுத்து வைத்தாள்.

தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரி செல்சியஸில். ஆனால் உள்ளங்கைச் சூட்டிலேயே வளையும் அளவுக்கு இளகிவிடும். குளிர் நாடுகளில் தாளை வெதுவெதுப்பாக்கிய பிறகே சுருட்டுகிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. மழை பெய்யும் கார்த்திகைக் காலையில் மட்டும் தாள் சற்று விறைப்பாக இருக்கும். அப்போது இரு கைகளையும் விரித்து அதன்மேல் சிறிது நேரம் வைத்திருந்தால் போதும். கோடை நண்பகலில் செய்வதானால் தாள் அளவுக்கு மீறித் துவண்டு, அழுத்தும் இடமெல்லாம் அறுகோணங்கள் நசுங்கிவிடும்.

திரிநூலில் கவனம் தேவை. அகல் விளக்குக்குப் போடும் பஞ்சுத்திரி இதற்கு ஒத்துவராது. பின்னிய பருத்தி நூலாக இருந்தால்தான் எரியும்போது நுனி வளைந்து, சுடரின் ஓரத்துக்கு வந்து, தானே சாம்பலாகிப் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பின்னல் நூல் புழக்கத்துக்கு வரும் வரை கரிந்த நுனியை அடிக்கடி கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நூல் மிக மெல்லியதாக இருந்தால் உருகிய மெழுகில் மூழ்கி அணையும். தடித்ததாக இருந்தால் புகையும்.

சுமார் 20 செ.மீ. அகலமும் 40 செ.மீ. நீளமும் உள்ள தாளை முழுதாகச் சுருட்டினால் ஏறத்தாழ 2 செ.மீ. தடிமனுள்ள திரி கிடைக்கும். சிறு கைகளுக்கு அகலத்தைப் பாதியாக வெட்டிக் கொடுப்பது வசதி. வெட்டும் வேலை பெரியவர்களுடையது. நூலைத் தாளின் அகலத்தைவிட (அதுதான் திரியின் உயரம்) 2 செ.மீ. நீளமாக நறுக்கி, அகலவாக்கிலான ஓரத்தில் கிடத்தி, அந்த விளிம்பை நூலின்மேல் மடித்து நகத்தால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். திரியின் எதிர்காலம் இந்த முதல் மடிப்பில்தான் இருக்கிறது: நூலுக்கும் மெழுகுக்கும் இடையே காற்று நின்றுவிட்டால் சுடர் தடுமாறும், திரி சீக்கிரம் எரிந்து தீரும். அதன்பிறகு பாய் சுருட்டுவதைப் போல, இரு முனைகளும் சமமாக வரும்படி, இறுக்கமாகவும் நிதானமாகவும் உருட்டிக்கொண்டே போகலாம். கடைசி விளிம்பைக் கட்டைவிரலால் தடவித் தடவி ஒட்டிவிட்டால் பசை எதுவும் வேண்டாம். என் மகன் தாளை மூலைக்கு மூலை குறுக்காக வெட்டச் சொல்லி, உயரமான பக்கத்திலிருந்து சுருட்டுகிறான். அப்போது விளிம்பு படிப்படியாக இறங்கி, கீழ்நோக்கிச் சுற்றி வரும் கூம்புத் திரி ஒன்று உருவாகிறது.

மிஞ்சும் துண்டுகளைப் பிள்ளைகள் கையால் பிசைந்து மீனும் யானையும் செய்கிறார்கள். சுவாமிமலைச் சிற்பிகள் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்துத்தான் மரபாகச் சிலையின் முதல் உருவத்தைச் செய்துவந்தார்கள் என்று சொன்னபோது, அவர்கள் கையிலிருந்த யானைக்கு மரியாதை கூடிவிட்டது.

ஏற்றும்போது நூலை அரை சென்டிமீட்டருக்குக் கத்தரித்து, மணல் நிரப்பிய கிண்ணத்தில் திரியை நட்டு, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். நம் வீடுகளில் இந்த விசிறிதான் மெழுகுதிரிக்குப் பெரிய எதிரி. காற்றில் சாயும் சுடர் ஒரு பக்கத்தை மட்டும் உருக்கி வழியவிடும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் எரியவிடுவதே கூடாது. அணைத்தவுடன் எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினால், நூலைத் தொடாமலேயே சுடர் கீழிறங்கிப் பற்றிக்கொள்ளும்; எரிவது நூலல்ல, ஆவியான மெழுகே என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. இதையும் பெரியவர்தான் செய்து காட்ட வேண்டும்.

மீதமுள்ள தாள்களைக் காகிதம் இடையிட்டுத் தட்டையாக, வெயில் படாத இடத்தில் வைக்கலாம். சில மாதங்களில் அவற்றின்மேல் வெண்மையாகப் பூத்தாற்போல் ஒரு படலம் தோன்றும். அது பூஞ்சையல்ல, தேன்மெழுகின் இயல்பு. மென்மையான துணியால் துடைத்தால் பழைய மஞ்சள் திரும்பிவிடும்.