எலிக்கு வச்ச குறி

10 நாளா எங்க நாய் டைகர் பாத்ரூம்வாசி. பக்கெட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கிறது ரெண்டு சாண் இடம். அதுக்குள்ள 28 கிலோவை எப்படித் திணிச்சான்னு அவனுக்குத்தான் வெளிச்சம். வாலைக் காலுக்கிடையில செருகிக்கிட்டு, பத்து மைல் ஓடி வந்தவன் மாதிரி மூச்சு வாங்குறான். போன மாசம் வரைக்கும் சோபாவில யார் உட்காரலாம், யார் கூடாதுன்னு முடிவு பண்ணிக்கிட்டிருந்தவன்.

"நீ ஏதாவது திட்டியிருப்படா" என்றார் அம்மா. இந்த வீட்டுல மழை பெய்யலைன்னாலும் நான் திட்டினதுதான் காரணம். "என்னங்க, கொட்டாவியா விடுறான், தூக்கம் பத்தலையோ?"ன்னு வீட்டம்மா. மகள் மட்டும், "அப்பா, ஃப்ரிட்ஜ் பக்கம் போனா 'ஙீ...'ன்னு ஏதோ கேக்குது" என்றாள். "ராத்திரி பகலா இயர்போனை மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா அப்படித்தான் கேக்கும்"னு அத்தோட அந்தப் பேச்சை முடிச்சு வச்சேன்.

டாக்டர்கிட்ட போனா, டைகர் அங்க மேஜை மேல கம்பீரமா நின்னு வாலாட்டுறான்! ஆஸ்பத்திரிக்கு வந்து நிம்மதியான ஒரே நாய் எங்க நாய்தான். திடீர்னு குணம் மாறினா முதல்ல வலி இருக்கான்னு பார்க்கணும்னு சொல்லி, காதுக்குள்ள லைட் அடிச்சு, ஈறைப் பார்த்து, இடுப்பு மூட்டை அமுக்கினார். ஒண்ணுமில்லை. கொட்டாவியும் உதட்டை நக்குறதும் தூக்கமோ பசியோ இல்லையாம், பயமாம். "வீட்டுல புதுசா ஏதாவது வச்சீங்களா?"

"எதுவுமே இல்லை டாக்டர்"னு அடிச்சுச் சொன்னேன். சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தாலும் பண்ணியிருப்பேன்.

நேத்து ராத்திரி கைதவறி விழுந்த கரண்டி ஃப்ரிட்ஜுக்குப் பின்னால போயிடுச்சு. குனிஞ்சு கையை விட்டா, சுவத்துல பச்சையா ஒரு லைட் சிமிட்டிக்கிட்டிருக்கு. எலி விரட்டி, சத்தம் போட்டே எலியைத் துரத்துற மிஷின். வாங்கினது நான். பிளக்குல செருகினது நான். சுத்தமா மறந்ததும் நான்தான்.

பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 'மனிதர் காதுக்குக் கேட்காது'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். நம்ம காது 20,000 ஹெர்ட்ஸோட நின்னுடும். என் வயசுக்கு அதுவும் கிடையாது. நாய்க்கு 45,000 வரைக்கும் கேட்கும். அது பெட்டியில எந்த மூலையிலயும் இல்லை. அந்த மிஷின்லேருந்து 20,000-க்குக் கீழே கசியுற சத்தம் கொஞ்சம் சின்ன வயசுக் காதுக்கும் எட்டுமாம். இதைத் தெரிஞ்சுக்கிட்டப்ப மகள் பக்கம் நான் திரும்பலை.

எலி? அந்த மிஷினுக்கு ஒரு முழம் தள்ளி, காணாமப் போன என் சாக்ஸை மெத்தையாக்கிக் குடித்தனம் பண்ணுது. அதுக்கு ரெண்டே நாள்ல பழகியிருக்கும்.

பிளக்கைப் பிடுங்கிட்டேன். டைகர் வெளிய வந்துட்டான், ஆனா சமையல்கட்டு வாசல்ல கழுத்தை மட்டும் நீட்டி, காதைப் பின்னுக்கு மடிச்சு, கண்ணோட வெள்ளை தெரிய ஃப்ரிட்ஜைப் பார்த்துட்டுத் திரும்பிடுறான். தண்ணிக் கிண்ணத்தை ஹாலுக்கு மாத்தியாச்சு. ராத்திரி மகள் தரையில அவன் பக்கத்துல உட்கார்ந்து, காதுக்குப் பின்னால சொறிஞ்சுவிட்டுக்கிட்டே சொல்லிக்கிட்டிருந்தா:

"விடுடா. அப்பாகிட்ட சொன்னா உனக்கும் இயர்போன்னுதான் சொல்லியிருப்பாரு."