ஆற்றை நகர்த்திவிட்டு எல்லையை மறந்தவர்கள்

ரைன் ஆற்றுப் பாலத்தின் நடுவில் நின்று வீட்டுக்கு நாலு போட்டோ அனுப்பினேன். செலவு 11 யூரோ. கடுப்பு ஆறுமுன் எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது ஜெர்மன் சிம். லிச்டென்ஸ்டைன் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேர்ந்த நாடு, அங்கே ரோமிங் இலவசம். சுவிட்சர்லாந்து சேரவில்லை. இரண்டுக்கும் நடுவே எல்லையாக ஓடுவது ரைன். லிச்டென்ஸ்டைன் தலைநகர் வடுஸிலிருந்து சுவிஸ் ஊரான செவெலன் போகும் மரப்பாலம் மொத்தமே 135 மீட்டர்; எந்தக் கரையின் டவரைப் பிடிப்பது என்பது போனின் இஷ்டம். என்னுடையது சுவிஸ் பக்கம் சாய்ந்துவிட்டது. அங்கே போகிறவர்கள் முதலில் டேட்டா ரோமிங்கை அணையுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பாலத்தைக் குறை சொல்ல முடியாது. 1901-இல் கட்டியது, மேலே கூரை போட்ட மரக்கூடு. ஆல்ப்ஸ் பகுதி ரைனில் மிஞ்சியிருக்கும் கடைசி மரப்பாலம் இதுதான். ஆறுதான் ஏமாற்றம். அரிசி கழுவிய தண்ணீரில் பச்சை கலந்த நிறம், இருபக்கமும் கரை போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்த மாதிரி ஓடுகிறது. இதுவா ரைன்!

காரணம் சரளைக்கல். மலையிலிருந்து அள்ளி வருவதையெல்லாம் பள்ளத்தாக்கு சமமானதும் ஆறு கீழே போட்டுவிடும். படுகை மேடாகும், அடுத்த வெள்ளத்தில் ஊர் மூழ்கும். 1892-இல் ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் ஒப்பந்தம் போட்டு, ஆறு சீக்கிரம் கான்ஸ்டன்ஸ் ஏரியைச் சேர இரண்டு குறுக்குக் கால்வாய்கள் வெட்டின. ஃபுசாக்கில் 1900-இல், டீப்போல்ட்சாவில் 1923-இல். அப்படியும் மேலே ஷான் பக்கம் 1927-இல் கரை உடைந்து லிச்டென்ஸ்டைன் வெள்ளக்காடானது.

டீப்போல்ட்சாவில்தான் வேடிக்கை. ஆற்றை நேராக்கினார்கள், எல்லையைப் பழைய வளைவிலேயே விட்டுவிட்டார்கள். ஊர் ரைனுக்குக் கிழக்கே வந்துவிட்டது, நாடு மட்டும் மாறவில்லை, இன்னும் சுவிட்சர்லாந்துதான். ஆற்றைத் தாண்டியதும் ஆஸ்திரியா என்று நம்பி ஒரு கடையில் யூரோவை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்கள், மீதி பிராங்கில் வந்தது. அவர்கள் போட்ட ரேட்டைக் கேட்காதீர்கள்.

வயிற்றெரிச்சலைத் தீர்த்தது ரீபெல். இந்தப் பள்ளத்தாக்கின் வெள்ளை மக்காச்சோளத்தை ரவையாக்கி, வேகவைத்து, வெண்ணெயில் உதிரி உதிரியாக வறுத்து, ஆப்பிள் கூழோடு தருகிறார்கள். உப்புமா என்றாலே ஓடுகிற நான் தட்டை வழித்துச் சாப்பிட்டேன். சுவிஸ் விலைதான், ஆனாலும் இந்தப் பயணத்தில் மனம் நோகாமல் கொடுத்த காசு அது ஒன்றுதான்.

சாயங்காலம் பழைய ரைனுக்கு நடந்தேன். அசையாத தண்ணீர், நாணல், குளிக்கிற பிள்ளைகள். அக்கரை ஹோஹெனெம்ஸ், ஆஸ்திரியா. 1938-இல் நாஜிகளுக்குத் தப்பிய யூதர்கள் இந்தத் தண்ணீரைத் தாண்டித்தான் வந்தார்கள். சுவிட்சர்லாந்து எல்லையை மூடிய பிறகும் வந்தவர்களின் தாள்களில் முன்தேதி போட்டு உள்ளே விட்டவர் சங்க்ட் காலன் போலீஸ் தலைவர் பால் க்ரூனிங்கர். 1939-இல் வேலை போனது. 1972-இல் இறந்தார், அவரைக் குற்றவாளியாக்கிய தீர்ப்பு ரத்தானது 1995-இல். இங்குள்ள பாலத்துக்கு இப்போது அவர் பெயர்.

பாலத்துக்கு இந்தப் பக்கம், சுவிஸ் மண்ணில் நிற்கும்போதே போன் சிணுங்கியது: ஆஸ்திரியாவுக்கு நல்வரவு. ஆஸ்திரிய டவர் என்றால் இலவசம். ரோமிங்கைப் போட்டு, மிச்சமிருந்த அத்தனை போட்டோவையும் அங்கேயே நின்று அனுப்பிவிட்டேன்.