பெட்டிக்காரர் மகள்

போன மாதம் பணி ஓய்வு பெற்றேன். சால்வை போர்த்தி, ஒரு குத்துவிளக்கும் கொடுத்து அனுப்பினார்கள். பாராட்டிப் பேசிய இளம் பேராசிரியை என்னை "இசை, பாலே நடன வரலாற்று அறிஞர்" என்று சொன்னதும், முன்வரிசையில் இருந்த என் தம்பி சிரித்துவிட்டான். அவனைப் பொறுத்தவரை நான் பெட்டிக்காரர் மகள், அவ்வளவுதான்.

பெட்டி என்றால் ஆர்மோனியம். அப்பா ஸ்பெஷல் நாடகத்துக்குக் கால் ஆர்மோனியம், அதாவது காலால் மிதித்து வாசிக்கும் பெட்டி, வாசித்தவர். மதுரைப் பக்கம் பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர்த் திருவிழாவில் நாடகம் போட ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், பக்கவாத்தியம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுப்பார்கள். ஒத்திகையே கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேடையில்தான் பாதிப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கும். வேலன் எந்தப் பாட்டை எடுப்பார், எத்தனை கட்டைச் சுருதியில் எடுப்பார் என்பதை அவர் வாயைத் திறக்கும்போதே பெட்டிக்காரர் பிடித்துவிட வேண்டும்.

நோட்டீஸில் ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் பெரிய போட்டோ. அடியில் பொடி எழுத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட். ஒரு நோட்டீஸில் அப்பா பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அம்மா பேனாவை எடுத்து அந்த எழுத்தை நடுவில் நுழைத்து எழுதினாள். வீட்டில் ஒட்டியிருந்த அந்த ஒன்றை மட்டும்தான். ஊரெல்லாம் ஒட்டியதை யார் திருத்துவது?

எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு ஆய்வுக்குப் பதிவு செய்யப் போனபோது, "ஆட்டம் பாட்டெல்லாம் வரலாறாம்மா?" என்று கேட்டார்கள். சரி, இசைத் துறையில் கேட்போம் என்று போனால், "கீர்த்தனை எத்தனை பாடமாகியிருக்கு?" என்றார்கள். அங்கேயும் சேர்த்தி இல்லை, இங்கேயும் சேர்த்தி இல்லை. கடைசியில் ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் ஐரோப்பிய வரலாறு நடத்தச் சேர்ந்தேன். சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. விடுமுறை வந்தால் சென்னைக்கு ரயிலேறி, ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய நாடக நோட்டீஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்துவைத்த காகிதங்களால் உருவான நூலகம் அது. என் கண் முதலில் நோட்டீஸின் அடிவரிக்குத்தான் போகும்.

பாலே என் வாழ்க்கைக்குள் வந்தது வகுப்புக்குக் குறிப்பெடுத்தபோதுதான். பிரெஞ்சில் 'பயதேர்' என்றொரு சொல் உண்டு. நடனக்காரி என்பதற்கான போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. நம் தேவதாசிகளைத்தான் அப்படிச் சொன்னார்கள். 1830-இல் பாரிஸ் ஓபராவில் ஒரு பயதேர் கதை அரங்கேறியது. இசை ஓபேர், ஆடியவர் மாரி தாலியோனி. எட்டு வருடம் கழித்து, 1838-இல், நிஜ ஆட்டக்காரர்களே பாரிஸில் போய் இறங்கினார்கள். கடலூர் பக்கம் திருவந்திபுரத்திலிருந்து ஐந்து பெண்கள், மூன்று ஆண்கள். பாரிஸில் ஆடிவிட்டு லண்டனுக்கும் போனார்கள். பிரெஞ்சுக் கவிஞர் தியோஃபில் கோத்தியே அம்மணி என்ற பெண்ணைப் பற்றி மாய்ந்து மாய்ந்து எழுதினார். பார் என்ற சிற்பி அவளை வெண்கலத்தில் வடித்தார்.

இதைப் படிப்பதற்காகவே, புதுச்சேரியில் வளர்ந்து எஸ்.எஸ். காலனியில் குடியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் சனிக்கிழமைதோறும் பிரெஞ்சு கற்றுக்கொண்டேன். என்னை மடக்கியது இலக்கணம் இல்லை, பெயர்கள்தான். தில்லே, ரங்கூன், சுந்திரூன், வேதூன். ரங்கூன் என்றால் பர்மாக்காரியோ என்று ஒரு வாரம் அந்தப் பக்கம் அலைந்தேன். ஒரு நாள் சாயங்காலம் அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தேன்.

"அதென்னடி கூன் கூன்னு? ரங்கம், சௌந்தரம், வேதம். நம்ம ஊர்ல இல்லாத பேரா?"

அவ்வளவுதான். தில்லே என்பது தில்லையம்மா. வேதத்துக்கு அப்போது ஆறு வயது. ஆறு வயதுக் குழந்தை கப்பலேறி பாரிஸுக்குப் போயிருக்கிறது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்புறம் ஆண்கள் பெயருக்கு வந்தேன். தாளம் போட்டவர் ராமலிங்கம். அதில் சிக்கல் இல்லை. இன்னொருவர் 'தேவநாயகோர்ன்'. தேவநாயகம்! திருவந்திபுரத்துப் பெருமாளுக்கே தெய்வநாயகன் என்றுதான் பெயர். அம்மணிக்குப் பக்கம் பக்கமாக எழுதிய பாரிஸ் இவர்களுக்கு ஒதுக்கியது சில வரிதான். அங்கேயும் பொடி எழுத்து.

1877-இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் நடன அமைப்பாளர் பெத்திபா அமைத்த 'லா பயதேர்' பாலே இதே மோகத்தில் பிறந்ததுதான். இசை மிங்குஸ். மாணவி ஒருத்தியின் அண்ணன் வாங்கி வந்த டிவிடியில் முதல்முதலாகப் பார்த்தேன். கோயில் தாசி கதைதான், ஆனால் காதில் விழுவது வால்ட்ஸ். கதாநாயகி பூக்கூடைக்குள் ஒளித்துவைத்த பாம்பு கடித்துச் சாகிறாள். வகுப்பில் போட்டுக் காட்டினேன். பூக்கட்டும் வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து, "மிஸ், கூடையைத் தூக்கினாலே கனம் தெரியாதா?" என்றாள். இத்தனை வருடத்தில் அந்த பாலேவைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் படித்ததில்லை. ஆனாலும் நிழல்கள் காட்சியில், சரிவான மேடையில் வெள்ளை உடைப் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி வரும்போது வகுப்பே மூச்சுவிடவில்லை.

நான் எழுதிய கட்டுரைகள் எல்லாமே, வாசிப்பவர் எங்கே இருந்தார் என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான். பாலேயில் அவர்கள் மேடைக்குக் கீழே, பள்ளத்தில். ஒத்திகைக்கு ஒன்றிரண்டு வயலின்தான்; பியானோ அந்த இடத்துக்கு வந்தது பிறகு. இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கிக்கே இந்த இடத்தில் இத்தனை தாளக்கட்டு, இன்ன வேகம் என்று பெத்திபா எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்பா கேட்டிருந்தால், "குடுத்து வச்சவரு" என்றிருப்பார். தேவதாசிகள் ஆடும் நம் சின்னமேளத்தில், ஆட்டத்தை நடத்தும் நட்டுவனார் ஆடுபவளுக்குப் பின்னாலேயே நிற்பார். வாசிப்பவர்கள் மிருதங்கத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவள் முன்னால் வந்தால் முன்னால் வருவார்கள், பின்னால் போனால் பின்னால் போவார்கள்.

அவர்களை மேடையின் ஓரத்தில் உட்காரவைத்தவர் பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி. 1904-இல் இதே மதுரையில் பிறந்தவர். ரஷ்ய பாலே நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பால் முதலில் பாலே கற்றவர். உன் நாட்டுக் கலையைத் தேடு என்று அவரைத் திருப்பிவிட்டவரும் பாவ்லோவாதான். அந்த ஓரம் பாலே பார்த்த கண்ணுக்குத் தோன்றிய ஏற்பாடு என்பது என் கட்சி. அதற்காகக் கருத்தரங்குகளில் திட்டும் வாங்கியிருக்கிறேன். ஆடும் இடம் சுத்தமானது, பார்க்க அழகுதான். ஆனால் ஆடுபவளின் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த மூச்சு போய்விட்டது.

ஓய்வு பெற்ற மறுவாரம் மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் நாடகம். தம்பி பைக்கில் கொண்டுபோய் விட்டான். முன்னால் பாயில் இடம் இருந்தும், நான் மேடையோரம் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வாசித்துக்கொண்டிருந்தவருக்கு எழுபது வயது இருக்கும். பபூன் பேச ஆரம்பித்ததும் கையை எடுத்துவிட்டுத் திரும்பி, "யாரும்மா?" என்றார். அப்பா பெயரைச் சொன்னேன்.

"அஞ்சு கட்டைக்குக் கீழ இறங்கமாட்டாரே அவரு," என்றார். பிறகு வெற்றிலைப் பையை அந்தப் பக்கம் தள்ளிவைத்து, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.