மழை நாட்களில் ஒரு லைட்னிங் நோடு

அக்டோபர் 14
டீக்காசைப் பிட்காயினாகப் பெற, கடைக்கு ஒரு லைட்னிங் நோடு. லைட்னிங் என்பது பிட்காயின் சங்கிலிக்கு வெளியே, இரு நோடுகளுக்கிடையே பணம் பூட்டிய சேனல்கள் வழியே உடனுக்குடன் கொடுத்து வாங்கும் வலையமைப்பு; நோடு அதில் சேரும் கணினி. சேனல் திறந்தாயிற்று: 2,00,000 சடோஷி (பத்துக் கோடி சடோஷி ஒரு பிட்காயின்). சங்கிலியில் பதியும் திறப்புப் பரிவர்த்தனை 153 விபைட் (கட்டணம் கணக்கிடும் அளவு). ஒன்றுக்கு 12 வீதம் 1,836 சடோஷி கட்டணம். மூன்று உறுதிப்பாடு வேண்டும், அதாவது சங்கிலியில் மூன்று பிளாக் (பரிவர்த்தனைத் தொகுப்பு) சேர வேண்டும். பிளாக்குக்குப் பத்து நிமிடம் என்பது சராசரிதான், முதல் பிளாக்குக்கே 34 நிமிடம் ஆனது.

அக்டோபர் 15
வரவு சோதனை தோல்வி. திறந்தவர் பக்கமே மொத்தப் பணமும் இருந்தால், எதிர்முனையிடம், அதாவது சேனலின் மறுபக்க நோடிடம், இங்கே தள்ளிவிட ஏதுமில்லை. டீக்கடைக்கு வேண்டியது வாங்குவதற்கான இடம். 80,000 வெளியே அனுப்பியாயிற்று. சேனல் தொகையில் நூற்றுக்கு ஒன்று, அதாவது 2,000, எதிர்முனையின் கையிருப்பாக முடங்கிவிடும். இனி 78,000 வரை வாங்கலாம்.

அக்டோபர் 16
எல்லோரும் வேகத்தையே பேசுகிறார்கள். பிட்காயின் சங்கிலியில் விநாடிக்கு ஏழு பரிவர்த்தனை, பிளாக்குக்கு நாலாயிரம் சொச்சம். தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவே அதை அடைத்துவிடும். யுபிஐ 2023 ஆகஸ்டிலேயே மாதம் 1,000 கோடி பரிவர்த்தனையைத் தாண்டியது. விநாடிக்கு 3,700க்கு மேல். லைட்னிங்கில் அந்தத் தடை இல்லை. பணம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான் தொல்லை. காலையெல்லாம் டீ விற்றால் வாங்கும் இடம் நிரம்பிவிடும். பால்காரருக்கு அதே வழியில் கொடுத்தால் காலியாகும். பால்காரர் ரூபாய் கேட்கிறார்.

அக்டோபர் 17
விடிய விடிய மழை.

அக்டோபர் 18
மின்வெட்டு இரண்டு முறை. நோடின் தரவு இருந்த எஸ்டி கார்டு போய்விட்டது.
15ஆம் தேதி காலையில் எடுத்த முழு நகல் ஒன்று இருக்கிறது. அதை ஏற்றவே கூடாது. அந்த நகலில் 2,00,000 சடோஷியும் இந்தப் பக்கம். 80,000 போனது அதற்குத் தெரியாது. அந்தப் பழைய கணக்கைச் சங்கிலியில் போட்டால் நெறிமுறைக்கு அது திருட்டு. நம் பங்கு 144 பிளாக், ஏறக்குறைய ஒரு நாள், பூட்டிக் கிடக்கும். அதற்குள் எதிர்முனை தண்டனைப் பரிவர்த்தனை போட்டு மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளலாம். மின்வெட்டா மோசடியா என்று பார்க்க அங்கே ஆளில்லை.
சரியான வழி: 24 விதைச்சொற்கள் (பணப்பையை மீட்கும் இரகசியச் சொற்கள்), கூடவே சேனல் பேக்கப் கோப்பு. சொற்கள் மட்டும் இருந்தால் சங்கிலியில் உள்ள பணம்தான் வரும். அந்தக் கோப்பில் இருப்பு விவரம் கிடையாது. யாரோடு சேனல் என்பது மட்டும். அவர்களை அழைத்து, கடைசிக் கணக்கின்படி மூடச் சொல்லும். அப்படி மூடினால் நமக்கு 144 பிளாக் காத்திருப்பும் இல்லை.
ஆனால் அவர்கள் இணைப்பில் இருக்க வேண்டும்.

அக்டோபர் 19
புதுக் கார்டு. சொற்கள் ஏற்றியாயிற்று, கோப்பும். எதிர்முனை ஆஃப்லைன்.

அக்டோபர் 20
ஆஃப்லைன். ஒரு கடை இப்படி எத்தனை நாள் தாங்கும்? பால்காரர் தினமும் வருகிறார்.

அக்டோபர் 22
மதியம் 2.40க்கு இணைந்தது. மூடும் செய்தி போகும் முன் அறுந்துவிட்டது.