நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன்

அந்தக் கூட்டத்தில் மொத்தம் பத்துப் பேர் இருந்தோம். புதிதாக வந்த ஒரு பெரிய வேலைக்கு யாரைத் தலைமையாகப் போடுவது என்பதுதான் பேச்சு. எங்கள் குழுவில் யாரைக் கேட்டாலும் அதற்கு ஒரே பெயரைத்தான் சொல்வார்கள், ஏனென்றால் அந்த வேலைக்கு அடித்தளம் போட்டவரே அவர்தான். பிரசவ விடுப்பு முடிந்து வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவர் பெயர் வந்ததுமே மேலாளர், "இல்ல இல்ல, அவங்க கைக்குழந்தையை வச்சிருக்காங்க, பாவம், இப்போ போய் இதையும் அவங்க தலையில கட்ட வேண்டாம்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் யாரைப் பற்றிப் பேச்சோ அவர் மேசைக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார், பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு நிமிடத்தில் இன்னொருவர் பெயர் முடிவாகிவிட்டது. அந்த இன்னொருவருக்கும் அதே வருடம்தான் குழந்தை பிறந்திருந்தது. அதையும் மேலாளரே சொன்னார்: "குடும்பம் பெருசாயிடுச்சு, பொறுப்பும் கூடிடுச்சு, அவனுக்கு இது கை கொடுக்கும்."

ஒரே வருடத்தில் பிறந்த இரண்டு குழந்தைகள். ஒன்று அம்மாவின் வாய்ப்பைப் பறித்தது, இன்னொன்று அப்பாவுக்குச் சிபாரிசு செய்தது. இது என் கண் முன்னால் நடந்தது, நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலை லிஃப்டில் ஒரு சக ஊழியர், "இன்னைக்கு நடந்தது சரியில்ல, நீங்க ஏதாவது சொல்வீங்கன்னு பார்த்தேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நான் அவர் சொல்வாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் இன்னொரு பெண் வந்து கிட்டத்தட்ட இதையே சொன்னார். மூன்றாவதாக ஒருவர் தொலைபேசியில் அழைத்தார், அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

சரி, நான் ஏன் பேசவில்லை? பல நாள் யோசித்தேன். பயம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது, எனக்கு வேலை போய்விடும் என்ற பயமெல்லாம் இல்லை. "ஆரம்பிச்சுட்டாங்கப்பா" என்று ஒரு பார்வை வருமே, அதற்குத்தான் தயங்கினேன். பெண்ணியவாதி என்ற ஒரு முத்திரை விழுந்துவிட்டால் அப்புறம் நான் கணக்கைப் பற்றிப் பேசினாலும் காலக்கெடுவைப் பற்றிப் பேசினாலும் அந்த முத்திரை வழியாகத்தான் கேட்பார்கள். நீங்களும் கவனித்திருப்பீர்கள், "நான் பெண்ணியவாதி எல்லாம் இல்ல, ஆனா..." என்று தொடங்குகிற பேச்சில் அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வருவது முழுக்க முழுக்கப் பெண்ணியம்தான். ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் வேண்டும், வீட்டு வேலையை இருவரும் பார்க்க வேண்டும், யாரைக் கட்டிக்கொள்வது என்பதை அவளே முடிவு செய்ய வேண்டும், யாரும் கை நீட்டி அடிக்கக் கூடாது. இவ்வளவையும் ஒப்புக்கொண்டு, பெயரை மட்டும் வேண்டாம் என்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

என் அலுவலகத்தில் நடந்தது ஒன்றும் அபூர்வமானதில்லை. ஷெல்லி கொரெல் என்ற சமூகவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2007-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று இருக்கிறது. தகுதியில் சமமான கற்பனை விண்ணப்பங்களை நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். வித்தியாசம், சிலவற்றில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பொறுப்பு வகித்ததாக ஒரு குறிப்பு இருக்கும், அதாவது இவருக்குக் குழந்தை இருக்கிறது என்று படிப்பவருக்குத் தெரியும். குழந்தை இல்லாத பெண்களுக்கு, அதே தகுதியுள்ள தாய்மார்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அழைப்புகள் வந்தன. தந்தை என்று தெரிந்த ஆண்களுக்கு அந்த இழப்பு இல்லை. அந்த நிறுவனங்களில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் பிரித்தவர்கள் எல்லாரும் பெண்களை வெறுப்பவர்களாக இருந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. எங்கள் மேலாளர் மாதிரி "பாவம்" என்று நினைத்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

என்னை உலுக்கியது இன்னொரு ஆய்வு. சவூதி அரேபியாவின் ரியாத்தில், திருமணமான இளம் ஆண்களிடம் நடத்தியது, 2020-ல் வெளியானது. பெண்கள் வெளியே வேலைக்குப் போவதில் உங்களுக்குச் சம்மதமா என்று ரகசியமாகக் கேட்டார்கள். மிகப் பெரும்பாலானோர் சம்மதம் என்றார்கள். சரி, இந்த அறையில் இருக்கும் மற்றவர்களில் எத்தனை பேர் சம்மதம் சொல்லியிருப்பார்கள் என்று அடுத்துக் கேட்டார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் உண்மையைவிடக் குறைத்தே சொன்னார்கள். அந்த அறையில் இருந்தவர்கள் ஒரே பகுதியைச் சேர்ந்தவர்கள், ஒருவரையொருவர் ஓரளவு அறிந்தவர்கள், அப்படியும்! பிறகு பாதிப் பேருக்கு மட்டும் உண்மை நிலவரத்தைச் சொன்னார்கள். மனைவிக்கு வேலை தேடித்தரும் ஒரு சேவையில் பதிவு செய்ய வாய்ப்புக் கொடுத்தபோது, நிலவரம் தெரியாதவர்களில் 23 சதவீதம் பேர் பதிவு செய்தார்கள், தெரிந்தவர்களில் 32 சதவீதம் பேர். யாரும் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை, பக்கத்தில் இருப்பவனும் உன்னைப் போலத்தான் நினைக்கிறான் என்ற ஒரு தகவல் மட்டும்தான். பின்னால் 60 நாடுகளில் இதையே விசாரித்தபோதும், பெண்கள் வேலைக்குப் போகும் உரிமைக்கு உள்ள ஆதரவை மக்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்றுதான் தெரிந்தது.

இதைப் படித்தபோது அந்த லிஃப்ட் ஞாபகம்தான் வந்தது.

இதற்காக எல்லாருடைய மனசும் தங்கம், வாய்தான் திறக்கவில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2023-ல் வெளியிட்ட அறிக்கையின்படி பத்தில் ஒன்பது பேருக்குப் பெண்களுக்கு எதிரான ஏதாவது ஒரு முன்முடிவாவது இருக்கிறது. கிட்டத்தட்டப் பாதிப் பேர், அரசியல் தலைமைக்கு ஆண்தான் சரி என்கிறார்கள். கணவன் மனைவியை அடிப்பது நியாயமாக இருக்கலாம் என்று நான்கில் ஒருவர் நினைக்கிறார். இந்தக் கணக்கில் பெண்களும் சேர்த்திதான். நானும் சேர்த்திதான்: அன்று மேலாளர் "பாவம்" என்றபோது ஒரு நொடி, ஆமாம், அவருக்கும் கஷ்டம்தானே என்று என் மனசும் தலையாட்டியது. அந்த இன்னொருவருக்குக் கஷ்டமாக இருக்குமே என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை? அவர் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் என்று நானாகவே முடிவு கட்டியிருக்கிறேன். உலகம் முழுக்கச் சம்பளமில்லாத பராமரிப்பு வேலையில் முக்கால் பங்குக்கும் மேல் பெண்கள் செய்வதாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கு என் தலைக்குள்ளும் கேள்வியே இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

பெயரால் வரும் தயக்கத்துக்கு ஐஸ்லாந்தில் ஒரு பழைய கதை உண்டு. 1975-ல் அங்கே ஒரு பெண்கள் இயக்கம் வேலைநிறுத்தம் நடத்தலாம் என்றது. வேலைநிறுத்தம் என்றால் பலர் பின்வாங்குவார்கள் என்று மற்றவர்கள் நினைத்ததால் 'பெண்களின் விடுமுறை நாள்' என்று பெயரை மாற்றினார்கள். அக்டோபர் 24 அன்று நாட்டுப் பெண்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் அலுவலக வேலையும் செய்யவில்லை, வீட்டு வேலையும் செய்யவில்லை. பள்ளிகள் மூடிக்கிடந்தன, அப்பாக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அடுத்த வருடமே சமத்துவச் சட்டம் வந்தது, 1980-ல் விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் என்ற பெண் அந்த நாட்டின் அதிபரானார். பெயரை விட்டுக்கொடுத்தது சரியா என்று எனக்குள் இன்னும் வாதம் ஓடுகிறது. ஆனால் அந்த ஒரு நாளில் ஒவ்வொருத்தியும் வெளியே வந்து பார்த்தபோது பக்கத்து வீட்டுக்காரியும் வந்து நின்றாள் பாருங்கள், அதற்கு முன்னால் வீட்டுக்குள் இருந்தபடி அது யாருக்கும் தெரிந்திருக்காது.

சுவிட்சர்லாந்தில் 1959-ல் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமா என்று ஆண்களிடம் கேட்டபோது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம் என்றார்கள். 1971-ல் ஏறக்குறைய அதே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்றது. நடுவில் பன்னிரண்டே வருடம். அப்பென்ஸல் இன்னர்ரோடன் என்ற ஒரு மாநிலம் மட்டும் உள்ளூர்த் தேர்தலில் பெண்களுக்கு இடம் தர மறுத்து, 1990-ல் நீதிமன்றம் சொல்லித்தான் வழிக்கு வந்தது. அங்கே திறந்தவெளியில் கூடி நின்று, எல்லாரும் பார்க்கக் கையைத் தூக்கித்தான் வாக்களிப்பார்கள். தூக்காத கைகளில் எத்தனை, அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கீழேயே நின்றவை என்று எனக்கு யோசனை போகும்.

எதிர்ப்பவர்களிடமும் பேசித்தான் ஆகவேண்டும். பெண்களுக்குச் சமத்துவம் தருகிறேன் என்று இப்போது ஆண்களைப் பாரபட்சமாக நடத்துகிறார்கள் என்று நினைக்கும் இளைஞர்கள் கொஞ்சமில்லை, இப்சோஸ் நிறுவனம் 2024-ல் 31 நாடுகளில் எடுத்த கருத்துக்கணிப்பில் இளைய தலைமுறை ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அப்படித்தான் சொன்னார்கள், அவர்களுடைய தாத்தா தலைமுறையைவிட அதிகமாக. அவர்களைத் திட்டி ஒன்றும் ஆகாது. வேலை கிடைக்குமா, வீடு கிடைக்குமா என்று தவிக்கிற ஒருவனிடம் போய் உனக்கு எல்லா வசதியும் இருக்கிறது என்றால் அவனுக்குக் கோபம்தான் வரும். சம்பாதித்தே தீர வேண்டும், அழக்கூடாது என்று அவன் கழுத்தில் மாட்டியிருக்கும் நுகத்தடியும் இதே மரத்தில் செய்ததுதான் என்பதை அவனுக்குப் புரியவைக்க எனக்குப் பொறுமை வேண்டியிருக்கிறது. சில நாள் அந்தப் பொறுமை இருப்பதில்லை.

கூட்டம் முடிந்து ஒரு வாரம் கழித்து மேலாளரைத் தனியாகப் பார்த்து, "அவங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன். அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். "யாருமே ஒண்ணும் சொல்லலையே, எல்லாருக்கும் சம்மதம்னுதானே நினைச்சேன்" என்றார். அதற்குள் எல்லாம் கைமாறிவிட்டது.

பிறகு வாய்ப்பை இழந்த அந்தப் பெண்ணிடமே போய் மன்னிப்புக் கேட்டேன். அன்று இரவு வீட்டில், "ஒன்பது பேரும் என்னால முடியாதுன்னுதான் நினைக்கிறாங்க, நானே ஒதுங்கிக்கறேன்" என்று கணவரிடம் சொல்லி அழுததாகச் சொன்னார். ஒன்பது பேர் இல்லை, என்னிடமே மூன்று பேர் வந்து சொன்னார்கள், என்னையும் சேர்த்தால் நான்கு என்றேன். நம்பாமல் பெயர்களைக் கேட்டார். லிஃப்டில் பேசியவர் பெயரைச் சொன்னேன், மறுநாள் வந்த பெண்ணின் பெயரைச் சொன்னேன். மூன்றாவதாக, "அது அவங்களுக்குப் போக வேண்டியது, எனக்கு வாங்கிக்கவே கூச்சமா இருந்துச்சு" என்று தொலைபேசியில் சொன்னவரின் பெயரைச் சொன்னேன்.

"அவரா?" என்றார். அந்த வாய்ப்பு கிடைத்ததே அவருக்குத்தான்.